சொந்தக்காரர் இல்லாத மலை

என்ன விஷயமாகப் போகிறீர்கள்? வெள்ளவத்தையில் பையும் கையுமாகப் படியிறங்குகிற எவரிடமும் கேட்கப்படுகிற கேள்வி இது. கலியாணம் என்றால் யாருடையது, செத்தவீடு என்றால் யார், கோயில் என்றால் என்ன நேர்த்தி, விசா என்றால் எந்த நாடு. கொழும்புக்கு வந்த இத்தனை வருடத்தில் இந்த நாலுக்கும் வெளியே நான் எங்கேயும் போனதில்லை. அதனால் என் மச்சாள், அதாவது என் கணவரின் தங்கை, ஒரு நாள் காலை கோப்பை கழுவிக்கொண்டே, மலைநாட்டுப் பக்கம் நாலு நாள் சைக்கிள் ஓடப் போவோமா என்று கேட்டபோது என் வாயிலும் அதே கேள்விதான் வந்தது.

"என்ன விஷயமா?"

"சும்மா, அண்ணி."

சும்மா என்ற சொல் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் சும்மா வந்தேன் என்று எங்கள் கதவைத் தட்டியவர்களில் ஒருவர்கூடச் சும்மா வந்ததில்லை. இருந்து, தேத்தண்ணி குடித்து, மழையைப் பற்றிக் கதைத்து, செருப்பைப் போடுகிற நேரத்தில்தான் வந்த விஷயம் வெளியே வரும். ஒரு கையெழுத்து வேண்டியிருக்கும், அல்லது ஒரு சம்பந்தம் பேச வேண்டியிருக்கும். எங்கள் ஆட்கள் அப்படித்தான். நேரே கேட்டால் மரியாதை இல்லை. ஆகவே மச்சாளின் சும்மாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் அன்று முழுக்கத் தையல் மெசினில் இருந்தபடி யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்ததுதான் மிச்சம்.

மச்சாளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கலியாணம் ஆகவில்லை. கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கணக்குப் பார்க்கிறாள். எங்களோடுதான், கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் இருக்கும் மூன்றாம் மாடி வீட்டில் இருக்கிறாள். என் மாமியார் படுக்கையில் கிடந்த வருடங்களில் அவளை எடுத்துத் திருப்பியது, கழுவியது, கஞ்சி பருக்கியது எல்லாம் மச்சாள். நானும் செய்தேன், ஆனால் மாமியார் கூப்பிடுவது அவள் பெயரை. வேலை செய்கிற கந்தோரில் எல்லோரும் சேர்ந்து சுற்றுலா போனால் இவள் மட்டும் போக மாட்டாள். போன வருடம் மாமியார் போய்ச் சேர்ந்தா. வருடம் திரும்பி ஆட்டைத் திவசமும் முடிந்த பிறகுதான் இந்தச் சைக்கிள் கதை வந்தது.

சைக்கிள் வீட்டுக்கு வந்த விதம் வேறு. பெற்றோலுக்குத் தெருத் தெருவாக வரிசை நின்ற காலத்தில் மச்சாளும் என் கணவரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். பெற்றோல் வந்ததும் என் கணவர் தன்னுடையதைப் பல்கனியில் ஏற்றி வைத்தார். அதில் நான் துவாய் காயப் போட்டேன். மச்சாள் மட்டும் விடவில்லை. அதிகாலையில் மரைன் டிரைவ் வழியே ஓடிவிட்டு வருவாள். ஒரு நாள் துணைக்கு வாங்கோ என்றாள். துவாயை எடுத்துவிட்டு நானும் ஏறினேன். ஊரில் சண்டையால் இடம்பெயர்ந்து திரிந்ததில் என் பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனது, ஆனால் சைக்கிள் ஓட்டம் நிற்கவில்லை. கால் மறக்கவில்லை.

சரி, நாலு நாள் போவது என்றால் எப்படி என்று கேட்டேன். அவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். சைக்கிளை ரயிலில் போட்டு நானுஓயா. அங்கிருந்து நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை. பிறகு ரயிலில் திரும்பி வருவது. என் கணவர் பாணும் பருப்பும் சாப்பிட்டு நாலு நாளைச் சமாளிப்பார். ஒரே ஒரு நிபந்தனை.

"ஒருத்தற்றை வீட்டையும் தங்கிறேல்ல. அறை எடுக்கிறம். காலமை எழும்பினா நான் ஒருத்தருக்கும் தேத்தண்ணி போடக் கூடாது. ஒருத்தரும் எனக்குப் போட்டுத் தந்திட்டு என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கவும் கூடாது."

முகத்தைப் பார்ப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் இரண்டாம் வாய்த் தேத்தண்ணிக்குள் அந்தக் கேள்வி வரும்: ஏன் பிள்ளை இப்படியே இருக்கிறாய்? அவளுக்குச் செவ்வாய்க் குற்றம். வந்த சம்பந்தங்கள் அதில் நின்றன, பிறகு மாமியார் வருத்தமாய்ப் படுத்ததில் நின்றன, பிறகு வரவே இல்லை. கேட்கிறவர்களுக்கும் இது தெரியும். தெரிந்தும் கேட்பார்கள். அவள் கேட்டது நாலு நாள், அந்தக் கேள்வி இல்லாத நாலு நாள். இவ்வளவும் எனக்கு அன்றே விளங்கியிருந்தது. விளங்கியும் நான் என்ன செய்தேன் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்காதது.

நான் பயந்த ஆள். காஸ் பூட்டினேனா என்று பஸ் தரிப்பிடத்திலிருந்து திரும்பி மூன்று மாடி ஏறுகிறவள். மலை என்றதும் எனக்குள் ஆயிரம் யோசனை. அட்டை கடிக்குமாமே, புகார் மூட்டத்துக்குள் லொறி வந்தால் தெரியுமா, அவசரத்துக்கு எங்கே ஒதுங்குவது. ஆட்டை முடியுமுன் மலைக்கோயில் ஏறக் கூடாது என்பார்கள், அது முடிந்துவிட்டது, ஆனால் கோயில் இல்லாத மலைக்கு என்ன கணக்கு? அத்தோடு நான் மலையே அறியாதவள். எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் ரயில் பாதை போட்ட மண்மேடுதான். போனில் பார்த்தால் நுவரெலியாவிலிருந்து பண்டாரவளைக்குப் போகிற வழி நீலக் கோடாகக் கிடக்கிறது. ஏற்றமும் இறக்கமும் ஒரே நீலம். நான் அதை எங்கள் ஊரின் சமதரையான பருத்தித்துறை வீதி மாதிரி எண்ணி, விடியப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம், மிச்ச நேரம் என்ன செய்வது என்று கேட்டேன். மச்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியார் செத்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அவளோடு வேலை செய்கிற ஒருத்தி சொல்லி, சைக்கிள்களைக் கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் என் கணவரின் சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இதுல மலை ஏறலாம்க்கா. பிரச்சினை இல்ல. நீங்க இறங்கி, இத உருட்டிக்கிட்டு ஏறணும், அவ்வளவுதான்."

பிறகு பிரேக்கை மாற்றினார், கியர் போட்டுத் தந்தார். முன்னுக்கு எது, பின்னுக்கு எது, ஏற்றத்துக்கு எந்தப் பக்கம் தள்ளுவது என்று விளக்கினார். மச்சாள் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஆமர் வீதியில் நான் எதையோ அமத்த, சங்கிலி கழன்று மிதி வெறுமனே சுற்றியது. பின்னால் வந்த ஓட்டோக்காரர் சிங்களத்தில் எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பயத்தில்தான் பண்டாரவளை மாமிக்குப் போன் எடுத்தேன். மாமி என் மாமியாரின் தங்கை. புருஷனின் இரும்புக் கடையோடு பண்டாரவளைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டா. நான் கேட்க நினைத்தது இரண்டே விஷயம்: வழி எப்படி, மழை எப்படி. தங்குவதைப் பற்றி ஒரு சொல் கதைப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டுதான் நம்பரை அமத்தினேன்.

மாமி முதலில் நம்பவில்லை. சைக்கிளா என்று கேட்டா. யார் யார் என்று கேட்டா. நானும் மச்சாளும் மட்டும் என்றேன். 

"என்ன விஷயம், பிள்ளை?"

"சும்மா, மாமி."

 பிறகு, "சரி, சரி. எனக்கு விளங்குது," என்றா. குரல் கனிந்து போயிருந்தது. எனக்கு ஒரே ஆறுதல். எனக்கே விளங்காதது யாருக்காவது விளங்கினால் நல்லதுதானே.

பிறகு மச்சாளின் பிறந்த நேரம் கேட்டா. பயணத்துக்கு நல்ல நேரம் பார்க்கத்தான் என்று நினைத்தேன். மாமியாரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதுகூட ராகுகாலம் பார்த்து அம்புலன்சை வாசலில் நிற்க வைத்த குடும்பம் இது. சாமித் தட்டில் இருந்த சாதகக் குறிப்பைப் படம் எடுத்து அனுப்பினேன். என்னுடையதும் அனுப்பட்டுமா என்று கேட்டேன். உம்மடையது என்னத்துக்கு என்றா. கட்டினவளுக்குப் புருஷனின் நேரமே போதும் போல என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு மாமி அடிக்கடி எடுக்கத் தொடங்கினா. மச்சாளுக்குப் பிரஷர் இருக்கா? இல்லை மாமி, ஒவ்வொரு நாளும் ஓடுகிறாளே என்றேன். மீன் சாப்பிடுவாளா? சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, போகிற வழியில் மரக்கறிச் சாப்பாடு கிடைக்கும்தானே என்றேன். வேலையை என்ன செய்யப் போகிறாள்? லீவு எடுத்திருக்கிறாள், நாலு நாள் என்றேன். நாலு நாள் காணுமா என்று மாமி கேட்டா. இப்போதைக்கு அது போதும், மாமி என்றேன். ஏற்றத்தில் ஓடத்தான் இத்தனையும் கேட்கிறா என்று நினைத்து நான் ஒவ்வொன்றுக்கும் மனமறிந்து பதில் சொன்னேன். கடைசியில், நல்ல சாரி ஒன்று கொண்டு வரச் சொல்லும் என்றா. கோயிலுக்குக் கூட்டிப்போக யோசிக்கிறா போலிருக்கிறது. நான் அரக்குச் சாரிக்குப் புதுச் சட்டை ஒன்றும் தைத்தேன். அளவு எனக்கு மனப்பாடம்.

இதற்கிடையில் மாமி சொல்லக் கேட்டுப் பதுளையிலிருந்து ஒருவர் போன் எடுத்தார், என் கணவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பண்டாரவளை வரைக்கும் வந்து பதுளைக்கு வராமல் போவது சரியா என்று கேட்டார். நுவரெலியாவில் இருக்கிற இன்னொருவரும் அதையே கேட்டார். ஒரு வீட்டில் தங்கி மற்ற வீட்டில் தங்காவிட்டால் அது காலத்துக்கும் கதையாகிவிடும். நான் யாருக்கும் ஓம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் நான் சும்மா இருக்க இருக்க வழி வளைந்து போனது. நுவரெலியாவில் மதியச் சாப்பாடு, பதுளைக்கு இறங்கி ஒரு இரவு, இறங்கிய அதே மலையில் ஏறி மாமி வீட்டில் இரண்டு இரவு. அப்புத்தளை காணாமலே போய்விட்டது. மச்சாளிடம் நான் எதையும் சொல்லவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவளோ மழைச் சட்டை வாங்கினாள், காற்றடிக்கிற சின்னப் பம்ப் வாங்கினாள், அப்புத்தளையில் யன்னலைத் திறந்தால் தெற்குக் கரை வரைக்கும் தெரியுமாம் என்று போனில் படங்கள் காட்டினாள். ஓம், வடிவு என்றேன்.

விஷயம் என்னவென்று என் கணவர்தான் சொன்னார். ஒரு பின்னேரம், மச்சாள் வேலையால் வருமுன், சட்டையைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"பெடியன் வாத்தியாராம்."

"எந்தப் பெடியன்?"

"பண்டாரவளைச் சின்னம்மா பாத்திருக்கிறா. ரெண்டு பேருக்கும் செவ்வாயாம். உத்தமப் பொருத்தமாம்." என்னைப் பார்த்தார். "நீர்தானே சாதகம் அனுப்பினீர்?"

அந்த வாத்தியாருக்கு ஐம்பது வயது. மனைவி தவறிவிட்டா, ஒரே மகள் கட்டிப் போய்விட்டாள். நாங்கள் மாமி வீட்டில் நிற்கிற இரண்டாம் நாள் பின்னேரம் அவர் தமக்கையோடு வந்து பார்ப்பதாக எல்லாம் ஒழுங்கு.  மாமி பிழையாக எதையும் செய்யவில்லை. எங்கள் ஆட்களில் எந்த மனுஷி போன் எடுத்து, கலியாணமாகாத மச்சாளோடு சும்மா வருகிறேன், வழி எப்படி என்று கேட்பாள்? அப்படிக் கேட்டால் அதன் பொருள் என்ன? இருபது வருடமாகக் கேட்கக் கூச்சப்பட்டதை ஒரு சைக்கிளின் மேல் வைத்துக் கேட்கிறார்கள் என்றுதான் பொருள். கேட்ட உடனே பிறந்த நேரத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

மச்சாளுக்குச் சொல்ல வேண்டும் என்றேன். என் கணவர் தலையாட்டவில்லை. சொன்னால் அவள் போக மாட்டாள் என்றார். போய் ஒருக்காப் பார்த்தால் என்ன, நல்ல மனுஷனாம் என்றார். அம்மா இருக்கும்போதே நான் செய்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த மனுஷன் அப்படி உடைந்து கதைத்து நான் கேட்டதில்லை. அவர் சொல்வதும் சரி போலத்தான் பட்டது. அவளுக்கு ஒரு துணை கிடைத்தால் எனக்குக் கசக்கவா போகிறது? ஆனால் அவள் கேட்டது துணையை அல்ல, நாலு நாளை. அந்த நாலையும் எடுத்து வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, மலைக்குப் போகிறோம் என்று அவளை ரயிலில் ஏற்றுவதா? பிறகு ஒரு நாளைக்குச் சந்தோஷமாக இருந்தால் அவளே எங்களைக் கும்பிட மாட்டாளா? இப்படி ஒன்றை நினைப்பேன், உடனே மற்றதை நினைப்பேன். அந்தக் கிழமை ஒருவர் கொடுத்த சட்டைத் துணியை நான் இரண்டு தரம் பிழையாக வெட்டினேன்.

கடைசியில் நான் சொல்லவில்லை. அவள் கண்டுபிடித்தாள். புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது ஒரு ஞாயிறு காலை, சைக்கிளில் கொழுவுகிற பைகளை நிறுத்துப் பார்த்தாள். கனடாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டி நிறுப்பதற்கென்று எங்கள் வீட்டில் ஒரு தொங்கு தராசு இருக்கிறது. என்னுடைய பை பாரம் கூடிப்போய் இருந்தது. ஏற்றத்தில் ஒவ்வொரு கிலோவும் பேயாகப் பிடித்து இழுக்குமாம். திறந்தாள். மழைச் சட்டைக்குக் கீழே, பேப்பரில் சுற்றிய அரக்குப் பட்டுச் சாரியும் அவளுடைய அளவில் புதுச் சட்டையும்.

"இது என்னத்துக்கு அண்ணி?"

சட்டையை விரித்துத் தன் தோளில் வைத்துப் பார்த்தாள். நான் குசினி வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். முன்னுக்குச் சொல்ல வேண்டியதைப் பின்னுக்கும் பின்னுக்குச் சொல்ல வேண்டியதை முன்னுக்கும் சொன்னேன். பதுளையைச் சொன்னேன், பிரஷரைச் சொன்னேன், வாத்தியாரைச் சொன்னேன். என் கணவர் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். பேப்பர் திரும்பவே இல்லை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், அல்லது அழுவாள். சட்டையை மடித்தாள்.

"பொருந்திச்சோ?"

"என்னது?"

"சாதகம். பொருந்திச்சோ?"

"ஓமாம். உத்தமமாம்."

"ஆ." கொஞ்ச நேரம் அந்தச் சட்டையின் கழுத்துப் பட்டியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "கலியாணம் வேண்டாமெண்டு நான் ஒரு நாளும் சொல்லேல்ல அண்ணி. இது வேற. எனக்கு இந்த நாலு நாள் வேணும். அதைக் குடுக்காதையுங்கோ ஒருத்தருக்கும்."

அது வேறு, இது வேறு என்பது அவளுக்கு எவ்வளவு துப்புரவாக இருக்கிறது என்று பார்த்தேன். எனக்குத்தான் எல்லாம் ஒன்றோடு ஒன்று சிக்கி, அவிழ்க்க முடியாத நூல் மாதிரிக் கிடந்தது.

மாமிக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் தந்தாள். எடுத்தேன். சும்மா என்றால் உண்மையிலேயே சும்மா, மாமி, என்று எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதமாகவும் சொன்னேன். மாமிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது.

"நாப்பது தாண்டின பிள்ளை மலைக்குச் சைக்கிளில வருது எண்டா ஆர் பிள்ளை நம்புவினம்? சாட்டெண்டெல்லோ நான் நினைச்சன். அந்த மனிசன் பாவம், போட்டுக்கொண்டு வரப் புதுச் சேட்டும் எடுத்துப்போட்டான்."

போன் சத்தமாக இருந்ததால் புதுச் சேட்டு மச்சாளுக்கும் கேட்டது. அவள் முகம் ஒரு மாதிரிப் போனது. போய் வந்த பிறகு கதைப்போம் என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். போய் வந்த பிறகு என்று அவள் சொன்னது மாமிக்கா, மரியாதைக்கா, அந்தச் சேட்டுக்கா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. மாமி கடைசியாகச் சொன்னது இதுதான்: என்ரை படி மிதிக்காமல் இந்தப் பக்கம் ஓடித் திரிந்தால் நான் செத்தாலும் ஒருத்தரும் வர வேண்டாம்.

ஆக, நானுஓயா தொடங்கிப் பதுளை வரைக்கும் அந்தப் பக்கம் முழுக்க எங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. மச்சாள் சாரியை அலுமாரியில் வைத்துவிட்டு வந்து, போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். வேறு மலை பார்ப்போம் என்றாள்.

இந்த இடத்தில்தான் நான் உதவிக்கு வந்தேன், நினைத்துச் செய்த உதவி அல்ல. வெள்ளவத்தையில் சாரிச் சட்டை தைக்கிறவளுக்குத் தெரியாத குடும்பம் இல்லை. அளவெடுக்கும்போது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பெண்கள் எல்லாவற்றையும் சொல்வார்கள். மச்சாள் ஒவ்வொரு ஊராகச் சொல்லச் சொல்ல, அங்கே யார் இருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். அட்டனில் என் கணவரின் கந்தோர் நண்பரின் மாமனார். பலாங்கொடையில் கீழ்மாடி அக்காவின் தம்பி, வங்கி மனேஜர். தெனியாயவில் ஒரு ரீச்சரின் மகன், தேயிலைத் தொழிற்சாலையில். கண்டியைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். என் கணவரும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார்.

"பேசாமல் கடலுக்குள்ள ஓடுங்கோ," என்றார்.

"கடலுக்கு அங்கால முழுக்க எங்கட ஆக்கள்தானே அண்ணா," என்றாள் மச்சாள்.

பிறகு அவள் விரலை மாத்தளைக்கு மேலே நகர்த்தினாள். இறத்தோட்டை தாண்டி, ரிவர்ஸ்டன் பக்கம். வளைந்து வளைந்து ஏறுகிற ஒரு பாதை, அதன் அந்தப் பக்கம் புல்வெளி, கீழே ஒரு சின்ன ஊர். நான் கண்ணை மூடி யோசித்தேன். தைத்த சட்டைகள், தைக்காமல் திருப்பி அனுப்பிய சட்டைகள், கலியாண வீட்டில் பக்கத்து இலையில் இருந்தவர்கள், எல்லோரையும் நினைத்துப் பார்த்தேன். மாத்தளைப் பட்டினத்தில் இரண்டு குடும்பம் ஞாபகம் வந்தது. அதற்கு மேலே போக ஒருவரும் வரவில்லை.

"அங்க ஒருத்தரும் இல்லை," என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. ஒருத்தரும் இல்லை. விழுந்தால் ஒருத்தரும் இல்லை. சில்லுக் காற்றுப் போனால் ஒருத்தரும் இல்லை.  மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். அது போன மாதம் என் பருத்தித்துறைக் கணக்கைக் கேட்டுச் சிரித்த முகம்.

"அப்ப அதுதான் மலை," என்றாள்.

அந்தப் பக்கம் அறை வாடகைக்கு விடுகிற ஒரு சிங்கள மனுஷியின் நம்பரை அவள் போனில் தேடி எடுத்தாள். கதைப்பது நான் என்று முடிவானது. கடைத்தெருவில் நூலும் பொத்தானும் வாங்கி வாங்கி என் சிங்களம் அவளுடைய கந்தோர்ச் சிங்களத்தைவிட நன்றாக ஓடும். மனுஷி நல்ல குரல். எத்தனை பேர் என்று கேட்டா. இரண்டு பேர், இரண்டு சைக்கிள் என்றேன். சைக்கிளுக்குத் தாழ்வாரம் இருக்கிறது என்றா. மழை பின்னேரத்தில்தான் வரும், காலையில் ஓடுங்கள், அட்டைக்குக் காலில் சவர்க்காரம் தடவுங்கள் என்றா. பிறகு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டா. என்ன விஷயமாக வருகிறீர்கள்?

நான் மச்சாளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். என்ன சொன்னால் என்ன அர்த்தம் எடுப்பார்களோ என்று யோசித்தேன். வேறு சொல் எதுவும் வரவில்லை.

"நிக்கங்," என்றேன். சும்மா என்பதற்குச் சிங்களத்தில் அதுதான்.

"ஆ, நிக்கங்," என்றா அந்த மனுஷி. அவ்வளவுதான். அடுத்ததாக, இரவுச் சாப்பாட்டுக்குப் பலாக்காய் சமைக்கட்டுமா என்று கேட்டா. நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருக்காப் பார்த்தேன். இவ்வளவு லேசாகவா போகும் அந்தச் சொல்?

கடைசியாக, அறை ஒன்றா இரண்டா என்று கேட்டா. ஒன்று என்று சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டு பொம்பிளைகள், வேறென்ன? பயந்தால் ஒருவரையொருவர் எழுப்பலாம். அவள் பக்கத்தில் படுத்தால் எனக்கு நித்திரையும் வரும்.

மச்சாள் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

விளங்காமல் நான் ஒரு விரலைக் காட்டினேன். அவள் தலையை அசைத்து மறுபடியும் இரண்டு விரலைக் காட்டினாள். சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று தட்டியது. ஒருத்தற்றை வீட்டையும் தங்கிறேல்ல என்று அவள் முதல் நாள் சொன்னபோது, அந்த ஒருத்தருக்குள் நான் என்னைச் சேர்க்கவில்லை. பத்து வருடத்துக்கு மேலாகக் காலையில் அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் நான்தானே. அது கோபமா, களைப்பா, அல்லது ஒன்றுமே இல்லையா? என் மனம் கொஞ்சம் நொந்தது என்பது உண்மை. ஏன் நொந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு அறை என்று சொன்னேன். சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஊரில் தங்கைகளோடு, இடம்பெயர்ந்த இடங்களில் பாயில் வரிசையாக, பிறகு புருஷனோடு. என் வாழ்க்கையில் ஒரு இரவும் நான் ஓர் அறையில் தனியே படுத்ததில்லை. நாலு நாள் ஓர் அறை முழுக்க எனக்கு. அதில் நான் என்ன செய்வது? யாருக்காக லைட்டை அணைப்பது? காலையில் எழும்பி, ஒருத்தரும் என்னிடம் தேத்தண்ணி கேட்காவிட்டால் எந்தப் பக்கம் போவது?

மச்சாள் அதற்குள் எழும்பிப் போய்த் தராசை எடுத்து வந்து என் பையைத் திரும்பவும் கொழுவினாள். சாரி போன பிறகு பாரம் சரியாக இருந்தது. போனில் அந்த மனுஷி, வேறேதாவது கேட்க வேண்டுமா என்றா.

கேட்க நிறைய இருந்தது. நான் ஒன்றை மட்டும் கேட்டேன். அறைக் கதவுக்கு உள்பக்கம் கொளுக்கி இருக்கிறதா என்று கேட்டேன்.

இருக்கிறது, நங்கி, என்று தங்கச்சி முறை சொல்லி, நல்ல பலமான கொளுக்கி என்றா. உள்ளுக்கிருந்து பூட்டினால் வெளியிலிருந்து ஒருவராலும் திறக்க முடியாது.

அது நல்லதா கெட்டதா என்று யோசித்தபடி ஓம் என்றேன்.